வீட்டுக் கம்ப்யூட்டரைப் புரொஜெக்டரோடு இணைப்பது: படமும் ஒலியும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டைமாடியில் கிரிக்கெட் போட, ஹாலில் படம் பார்க்க, பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க என்று வீட்டுக்குப் புரொஜெக்டர் வாங்குபவர்கள் இப்போது நிறைய. வாங்கிய அன்று மாலையே போன் வந்துவிடும். உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படம் போகும் வழி வேறு, ஒலி போகும் வழி வேறு. இரண்டையும் தனித்தனியாகச் சரிபார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1. அண்ணா, லேப்டாப்பைப் புரொஜெக்டரில் மாட்ட என்ன கேபிள் வாங்கணும்?

வாங்குவதற்கு முன் இரண்டின் சாக்கெட்டுகளையும் பாருங்கள். தட்டையாக, கீழ் மூலைகள் இரண்டும் உள்வாங்கியபடி இருப்பது எச்டிஎம்ஐ. மூன்று வரிசையில் 15 துளைகள், இரு பக்கமும் திருகு போட இடம், பெரும்பாலும் நீல நிறம் என்று இருப்பது விஜிஏ. விஜிஏ 1987இல் ஐபிஎம் கொண்டுவந்தது. அதில் படம் மட்டும்தான் போகும். எச்டிஎம்ஐயின் முதல் வரையறை 2002 டிசம்பரில் வந்தது. அதில் படமும் ஒலியும் ஒரே கேபிளில் போகும். இரண்டு பக்கமும் எச்டிஎம்ஐ இருந்தால் அதையே வாங்குங்கள், வேறு யோசனை வேண்டாம்.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும் சரி, உங்கள் ஊர்க் கடைக்குப் போனாலும் சரி, இரண்டு சாக்கெட்டுகளையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். வாயால் சொன்னால் கடைக்காரர் ஒன்றை நினைப்பார், நீங்கள் ஒன்றை நினைப்பீர்கள். சில சிறிய லேப்டாப்களில் மினி எச்டிஎம்ஐ, மைக்ரோ எச்டிஎம்ஐ என்று சிறிய வடிவங்களும் உண்டு. படத்தைக் காட்டினால் அந்த வேறுபாடு தானாகத் தெரிந்துவிடும்.

2. என் லேப்டாப்பில் எச்டிஎம்ஐயே இல்லை. சின்ன டைப்-சி ஓட்டை மட்டும்தான் இருக்கு. முடியுமா?

அந்த டைப்-சியில் படம் வெளியே வருமா என்பதைப் பொறுத்தது. எல்லா டைப்-சியும் ஒன்றல்ல. சிலவற்றில் சார்ஜும் கோப்புகளும் மட்டும்தான் போகும். சார்ஜ் ஏறுகிறது என்பதால் படமும் வரும் என்று எண்ணி அடாப்டர் வாங்கிவிடாதீர்கள். ஓட்டையின் பக்கத்தில் தண்டர்போல்ட் எனும் வேக இணைப்பின் மின்னல் குறியோ, டிஸ்ப்ளேபோர்ட் எனும் பட இணைப்பின் சின்னமோ இருந்தால் நம்பி வாங்கலாம். குறி இல்லாவிட்டால் மாடல் எண்ணைப் போட்டுத் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் "டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சாதாரண அடாப்டர் போதும். ஒலியும் அதிலேயே போகும்.

3. கேபிள் மாட்டியாச்சு. ஆனா புரொஜெக்டரில் "நோ சிக்னல்"னுதான் வருது.

முதலில் புரொஜெக்டர் ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தி, கேபிள் எதில் மாட்டியிருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். கேபிள் எச்டிஎம்ஐ 2இல் இருக்கும், புரொஜெக்டர் எச்டிஎம்ஐ 1ஐப் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு வரும் போன்களில் இதுதான் அதிகம். அடுத்து, கம்ப்யூட்டரில் விண்டோஸ் பட்டனையும், புரொஜெக்டரின் முதல் எழுத்தான "பி"யையும் சேர்த்து அழுத்துங்கள். பக்கவாட்டில் நான்கு தேர்வுகள் வரும். "டூப்ளிகேட்" என்பதைத் தொடுங்கள்.

அப்படியும் வரவில்லை என்றால் கேபிளைக் கழற்றி, புரொஜெக்டரை முதலில் ஆன் செய்து, அது முழுதாகத் தயாரான பிறகு மாட்டுங்கள். கேபிள் சேர்ந்ததும் புரொஜெக்டர் தன் விவரங்களைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் படத்தை அனுப்பும். புரொஜெக்டர் விழிக்கும் முன்பே மாட்டினால் சில நேரம் இந்த அறிமுகம் நடக்காமல் போய்விடும்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். தனி கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால், பின்பக்கம் இரண்டு இடத்தில் எச்டிஎம்ஐ இருக்கும்: மேலே யுஎஸ்பி சாக்கெட்டுகளோடு சேர்ந்து ஒன்று, கீழே படுக்கைவாட்டில் கார்டில் ஒன்று. மேலே இருப்பது மதர்போர்டு உடையது. பல கம்ப்யூட்டர்களில் கார்டு போட்ட பிறகு அது வேலை செய்யாது. கீழே இருப்பதில் மாட்டுங்கள்.

4. டூப்ளிகேட்டா, எக்ஸ்டெண்டா? எதை வைக்கணும்?

பாடம் எடுப்பதற்கு டூப்ளிகேட். படம் பார்க்க "செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி". டூப்ளிகேட்டில் இரண்டு திரைக்கும் பொதுவான ஓர் அளவைக் கம்ப்யூட்டர் தேடும். லேப்டாப் திரையின் வடிவம் வேறு, புரொஜெக்டரின் வடிவம் வேறு என்றால் ஓரங்களில் கறுப்புப் பட்டை விழும், அல்லது எழுத்துகள் மங்கும். புரொஜெக்டர் மட்டும் என்று வைத்தால் அந்தச் சிக்கல் இல்லை.

படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பில் நீங்கள் வேறு வேலை பார்க்க வேண்டும் என்றால் எக்ஸ்டெண்ட். பிளேயர் ஜன்னலை மவுஸால் இழுத்துப் பக்கத்துத் திரைக்குக் கொண்டுபோய் அங்கே முழுத்திரை ஆக்குங்கள். எக்ஸ்டெண்டில் புரொஜெக்டரில் வெறும் வால்பேப்பர் தெரிவதைப் பார்த்து ரிப்பேர் என்று பயந்துவிட வேண்டாம். அது சரியாகத்தான் வேலை செய்கிறது.

5. படம் சுவரில் வருது, சத்தம் மட்டும் லேப்டாப்பிலேயே வருது. ஏன்?

ஆரம்பத்தில் சொன்ன இரண்டு வழிகள் இங்கேதான் பிரிகின்றன. விண்டோஸ் படத்தைப் புரொஜெக்டருக்கு அனுப்பிவிட்டு ஒலியைப் பழைய இடத்திலேயே விட்டுவைக்கும். கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஸ்பீக்கர் குறியைத் தொட்டு, ஒலி எங்கே போக வேண்டும் என்ற பட்டியலைத் திறந்தால் புரொஜெக்டரின் பெயரோ மாடலோ இருக்கும். அதைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பிளேயர் சில நேரம் பழைய இடத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். ஒருமுறை மூடித் திறந்தால் சரியாகிவிடும்.

பட்டியலில் புரொஜெக்டர் பெயரே இல்லையா? விஜிஏ கேபிள் என்றால் இருக்கவும் இருக்காது, அதில் ஒலி போகாது. எச்டிஎம்ஐ என்றால் புரொஜெக்டரில் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கரே இல்லாத மாடல்களும் உண்டு. அப்போது ஒலியை லேப்டாப்பிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். இதன் தலைகீழ்க் கதையும் நடக்கும்: கேபிளை மாட்டியதும் லேப்டாப் சத்தம் நின்றுவிடும், ஸ்பீக்கர் இல்லாத புரொஜெக்டருக்கு ஒலி போய்க்கொண்டிருக்கும். அதே பட்டியலில் லேப்டாப் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

6. புரொஜெக்டர் சத்தம் பத்தவே இல்லை. வீட்டில் பழைய ஹோம் தியேட்டர் இருக்கு, அதை எப்படிச் சேர்க்கிறது?

நல்ல யோசனை. புரொஜெக்டருக்குள் இருக்கும் ஸ்பீக்கர் பெரும்பாலும் சில வாட்தான்; அதன் ஃபேன் சத்தத்தோடு போட்டி போடவே அதற்குச் சரியாக இருக்கும். மேலும் படம் முன்னால் ஓட, சத்தம் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். திரைக்கு இரு பக்கமும் இரண்டு சுமாரான ஸ்பீக்கர் வைத்தாலே படம் பார்க்கும் அனுபவம் அடியோடு மாறிவிடும். பணம் குறைவாக இருந்தால் 4கே லேபிளுக்குக் கொடுப்பதைவிட ஒலிக்குக் கொடுங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

ஒரு முனையில் 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் பிளக், மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்சிஏ பிளக் உள்ள கேபிள் வாங்குங்கள். ஹெட்போன் பிளக்கை லேப்டாப்பில் செருகுங்கள். சிவப்பு, வெள்ளை இரண்டையும் ஆம்ப்ளிஃபயரின் ஆக்ஸ் இன்புட்டில் அதே நிறத்தில் செருகுங்கள். பிறகு 5ஆவது கேள்வியில் சொன்ன பட்டியலில் ஹெட்போன் அல்லது ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப்பில் சத்தத்தை 80 அளவில் நிறுத்திவிட்டு, கூட்டிக் குறைப்பதை ஆம்ப்ளிஃபயரில் வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பில் குறைத்து ஆம்ப்ளிஃபயரில் ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

லேப்டாப்பிலிருந்து ஸ்பீக்கர் வரை வயர் எட்டவில்லை, புரொஜெக்டர் பக்கத்தில் இருக்கிறது என்றால் புரொஜெக்டரின் ஆடியோ அவுட் ஓட்டையிலிருந்தும் எடுக்கலாம். அப்போது பட்டியலில் புரொஜெக்டர்தான் தேர்வாகியிருக்க வேண்டும்.

7. பாட்டு, பின்னணி இசை எல்லாம் அருமையா கேட்குது. வசனம் மட்டும் எங்கேயோ கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு!

இதற்கு இரண்டு காரணங்கள்தான் பெரும்பாலும். முதலாவது, ஹெட்போன் பிளக் முழுதாக உள்ளே போகவில்லை. அந்தப் பிளக்கின் நுனி இடது ஒலிக்கு, அடுத்த வளையம் வலது ஒலிக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான தரைக்கு. அடிப்பகுதி சரியாகத் தொடாவிட்டால் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே ஸ்பீக்கருக்குப் போகும். வசனமும் பாடகர் குரலும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதிவாகியிருப்பதால், ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைந்துவிடும். இசை நிற்கும், குரல் போய்விடும். பிளக்கைக் 'க்ளிக்' என்று உட்காரும் வரை அழுத்திப் பாருங்கள். லேப்டாப்புக்குக் கனமான கவர் போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு அழுத்துங்கள்.

இரண்டாவது, 5.1 ஒலி, அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனியாகப் பிரித்த ஒலி. அதில் வசனம் நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக இருக்கும். கம்ப்யூட்டரில் 5.1 என்று வைத்துவிட்டு இரண்டே ஸ்பீக்கர் மாட்டியிருந்தால், நீங்கள் மாட்டாத நடு ஸ்பீக்கருக்கு வசனம் போய்விடும். டெஸ்க்டாப்பின் பின்னால் பச்சை, ஆரஞ்சு, கறுப்பு என்று ஓட்டைகள் இருந்தால் நடு ஸ்பீக்கர் ஒலி ஆரஞ்சில் வருவது வழக்கம். நீங்கள் மாட்டியிருப்பது பச்சையில் மட்டும். சவுண்ட் செட்டிங்ஸில் அந்தக் கருவியைத் தேர்ந்து, கான்ஃபிகர் போய், "ஸ்டீரியோ" என்று மாற்றுங்கள். நிஜமாகவே 5.1 செட் வைத்திருப்பவர்கள் நடு ஸ்பீக்கர் வயர் கழன்றிருக்கிறதா என்று பார்க்கவும்.

8. ப்ளூடூத் ஸ்பீக்கர் போட்டேன். வாய் ஒரு நேரம் அசையுது, பேச்சு ஒரு நேரம் வருது.

ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுபடி விரிக்க நேரம் பிடிக்கும். அந்தத் தாமதம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினாலே உறுத்தும். ஸ்பீக்கரில் ஆக்ஸ் ஓட்டை இருந்தால் வயரில் மாட்டுங்கள், தாமதம் அதோடு போச்சு.

வயர் வழியே இல்லை என்றால் விஎல்சி பிளேயரில் பாருங்கள். விண்டோஸில் ஆங்கில "ஜே" எழுத்தை அழுத்த அழுத்த ஒவ்வொரு முறையும் ஒலி 50 மில்லிவினாடி முன்னால் வரும். "கே" அழுத்தினால் பின்னால் போகும். யாராவது நேராகப் பார்த்துப் பேசும் காட்சியில் வைத்துச் சரிசெய்யுங்கள். நேரலைக் கிரிக்கெட்டுக்கு இது கைகொடுக்காது.

9. ஹோம் தியேட்டரில் "ம்ம்ம்ம்"னு ஒரு சத்தம் வந்துக்கிட்டே இருக்கு. ஸ்பீக்கர் போச்சா?

ஸ்பீக்கர் நன்றாகத்தான் இருக்கிறது. அது நம் வீட்டு 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் சத்தம். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால், லேப்டாப், புரொஜெக்டர், ஆம்ப்ளிஃபயர் ஆகியவற்றின் எர்த் இணைப்புகளுக்கிடையே ஆடியோ கேபிள் வழியாக ஒரு சுற்று உண்டாகியிருக்கிறது என்று பொருள். மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டுங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் "கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்" என்று கேட்டு வாங்கி ஆடியோ கேபிளின் நடுவே சேர்க்கலாம். சிறிய பெட்டிதான்.

சத்தம் நிற்கிறது என்பதற்காக மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைப்பது, அல்லது இரண்டு பின் மாற்றியில் செருகுவது வேண்டவே வேண்டாம். அந்தப் பின்தான் ஷாக் அடிக்காமல் காப்பாற்றுவது. லேப்டாப்பின் உலோக மூடியைத் தொட்டால் விறுவிறு என்று இருக்கிறது என்றால் அந்தச் சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். மொட்டைமாடியில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று இந்த வயர்களைத் தொடுவோம், ஆகவே இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

10. என்கிட்ட பழைய டெஸ்க்டாப், விஜிஏ மட்டும்தான். புரொஜெக்டரில் எச்டிஎம்ஐ மட்டும்தான். கேபிள் கிடைக்குமா?

இரண்டு முனை மட்டும் வைத்த வெறும் கேபிள் உதவாது. விஜிஏ அனலாக், எச்டிஎம்ஐ டிஜிட்டல். நடுவே மாற்றித்தரும் ஒரு சிறு மின்சுற்று வேண்டும். "விஜிஏ இன், எச்டிஎம்ஐ அவுட்" என்று திசையைத் தெளிவாகச் சொல்லிக் கன்வெர்ட்டர் வாங்குங்கள். எதிர்த்திசைக் கன்வெர்ட்டரும் ஏறக்குறைய அதே தோற்றத்தில் இருக்கும், ஆனால் திருப்பிப் போட்டு வேலை வாங்க முடியாது.

நல்ல கன்வெர்ட்டரில் இரண்டு வால் இருக்கும்: மின்சாரத்துக்கு யுஎஸ்பி, ஒலிக்கு 3.5 மில்லிமீட்டர். ஒலி வாலைக் கம்ப்யூட்டரின் பச்சை ஓட்டையில் மாட்டினால் படத்தோடு ஒலியும் எச்டிஎம்ஐயில் போகும். ஆனால் 6ஆவது பதிலில் உள்ளபடி ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு அது தேவையே இல்லை.

11. விஜிஏயில் படம் முழுக்க மஞ்சளா இருக்கு. லேம்ப் மாத்தணுமா?

வேண்டாம். விஜிஏயில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிப் பின்னில் போகின்றன. நீலம் தொடர்பு விட்டால் படம் மஞ்சளாகும், சிவப்பு விட்டால் நீலப்பச்சையாகும், பச்சை விட்டால் கத்தரிப்பூ நிறமாகும். கேபிளைக் கழற்றிப் பின் எதுவும் வளைந்திருக்கிறதா பாருங்கள், திருகுகளை இறுக்குங்கள், வேறு கேபிள் போட்டுப் பாருங்கள்.

12. டப்பாவில் 4கேன்னு போட்டிருக்கு. ஆனா எழுத்தைப் படிக்கவே முடியலை.

டப்பாவில் "4கே சப்போர்ட்" என்று இருந்தால், 4கே படத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்பது மட்டும்தான் அர்த்தம். சுவரில் விழுவது "நேட்டிவ் ரெசல்யூஷன்" என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும் அளவு. அது 1280 × 720 ஆக இருக்கலாம், விலை குறைந்தவற்றில் 854 × 480 ஆகவும் இருக்கலாம். அந்த அளவையே விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் வைத்தால் எழுத்து ஓரளவு தெளியும்.

அடுத்தது கீஸ்டோன். புரொஜெக்டரைச் சாய்த்து வைத்துவிட்டு, கோணலான படத்தை மெனுவில் சதுரமாக்கினால், அது படத்தின் புள்ளிகளைச் சுருக்கித்தான் அப்படிச் செய்கிறது. மேசையின் உயரத்தைக் கூட்டிக் குறைத்து, புரொஜெக்டரைச் சுவருக்கு நேராக வைத்துவிட்டு கீஸ்டோனைப் பூஜ்யத்தில் விடுங்கள். பத்து நிமிட வேலை, பலன் கண்ணுக்குத் தெரியும்.

13. பத்துக்குப் பத்து ரூமில் 100 இன்ச் வருமா? கேபிள் எவ்வளவு நீளம் வாங்கலாம்?

புரொஜெக்டர் விவரத்தில் "த்ரோ ரேஷியோ" என்று ஓர் எண் இருக்கும். திரையின் அகலத்தை அதால் பெருக்கினால் எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்று கிடைக்கும். 100 இன்ச் என்பது மூலைக்கு மூலை அளவு; அந்தத் திரையின் அகலம் சுமார் 221 சென்டிமீட்டர். எண் 1.2 என்றால் 265 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய எட்டேமுக்கால் அடி. புரொஜெக்டரின் உடம்பு, பின்னால் கேபிள் வளைய இடம், காற்றுப் போக இடம் எல்லாம் சேர்த்தால் பத்தடி அறைக்கு இழுபறிதான். 80 இன்ச்சுக்கு ஏழடி போதும், நிம்மதியாக இருக்கும்.

சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் 1080 படத்துக்கு 10 மீட்டர் வரை நல்ல தரத்தில் வாங்கினால் தாங்கும். 60 ஹெர்ட்ஸ் 4கே என்றால் 5 மீட்டரோடு நிறுத்துவது நல்லது. அதற்கு மேல் போனால் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், படம் விட்டுவிட்டு வரும். வீட்டுக்குள் கம்ப்யூட்டர், மாடியில் புரொஜெக்டர் என்றால் ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள் வாங்குங்கள். அதில் "சோர்ஸ்", "டிஸ்ப்ளே" என்று முனைகளில் எழுதியிருக்கும். மாற்றி மாட்டினால் படம் வராது. சுவருக்குள் குழாயில் விடுவதற்கு முன் ஒருமுறை தரையிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

14. வயரே இல்லாம முடியாதா?

முடியும். புரொஜெக்டரில் மிராகாஸ்ட் (திரையை வயர் இல்லாமல் அனுப்பும் வசதி) இருந்தால் விண்டோஸ் பட்டனோடு "கே" அழுத்தினால் பெயர் வரும். மவுஸ் அசைவுகூடத் தாமதமாகத்தான் தெரியும். படம், புகைப்படம் என்றால் பரவாயில்லை. கேம் விளையாட வேண்டாம்.

15. நடுவில் கரண்ட் போனா புரொஜெக்டர் கெட்டுடுமா?

எல்இடி புரொஜெக்டருக்குப் பெரிய பயமில்லை. லேம்ப் உள்ளவற்றில், அணைத்த பிறகும் ஃபேன் ஓடி லேம்பைக் குளிரவைக்கும். ஆகவே சுவிட்ச் போர்டில் நேரடியாக அணைக்காமல், ரிமோட்டில் அணைத்து, ஃபேன் நிற்கும் வரை விடுங்கள். கரண்ட் வந்தவுடனே ஆன் செய்யாமல் சில நிமிடம் ஆறவிடுங்கள். சூடான லேம்ப் உடனே எரியாது. டெஸ்க்டாப்புக்கு வைத்திருக்கும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் அளவுக்குத்தான் தாங்கும். லேம்ப் புரொஜெக்டரே 250, 300 வாட் இழுக்கும், ஆக இரண்டையும் அதில் ஏற்ற வேண்டாம்.

16. யூடியூப் எல்லாம் வருது. ஓடிடியில் படம் போட்டா மட்டும் கறுப்பா இருக்கு, சத்தம் மட்டும் வருது.

கேபிள் பழுதில்லை. இது எச்டிசிபி என்ற நகல் பாதுகாப்பு. படத்தை அனுப்பும் முன் கம்ப்யூட்டர், மறுமுனையில் இருப்பது அங்கீகாரம் பெற்ற கருவியா என்று எச்டிஎம்ஐ வழியாகவே கேட்கும். பதில் சரியாக வராவிட்டால் படத்தை நிறுத்திவிடும். விஜிஏயில் அந்தக் கேள்வி பதிலுக்கே வழியில்லை. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றும் கன்வெர்ட்டர், மலிவான ஸ்ப்ளிட்டர், நடுவே உள்ள ஸ்விட்ச் பெட்டி எதுவும் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

நடுவில் உள்ளவற்றையெல்லாம் எடுத்துவிட்டு, லேப்டாப்பிலிருந்து புரொஜெக்டருக்கு நேரே ஒரே எச்டிஎம்ஐ கேபிள் போட்டுப் பாருங்கள். எக்ஸ்டெண்ட், டூப்ளிகேட்டுக்குப் பதிலாக 4ஆவது பதிலில் சொன்ன "செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி"யில் வையுங்கள். லேப்டாப்போடு வேறொரு பழைய மானிட்டரும் சேர்ந்திருந்தால் அதையும் கழற்றுங்கள். 4கே படத்துக்கு எச்டிசிபி 2.2 கேட்கும், புரொஜெக்டரில் அது இல்லாவிட்டால் குறைந்த தரத்தில்தான் வரும்.

17. ஹாலில் ஹோம் தியேட்டரிலும், மாடியில் புரொஜெக்டர் ஸ்பீக்கரிலும் ஒரே நேரத்தில் சத்தம் வரணும். விண்டோஸ் ஒண்ணைத்தான் எடுக்குது.

5ஆவது கேள்வியில் பார்த்த பட்டியலில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். மென்பொருள் வைத்து இரண்டுக்கும் அனுப்பலாம், ஆனால் இரண்டும் சிறிது முன்பின்னாக வந்து எதிரொலி மாதிரி கேட்கும். அதைவிட எளிது: ஒலியைப் புரொஜெக்டருக்கு அனுப்பாமல் லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையிலிருந்தே எடுத்து, ஒன்றை இரண்டாக்கும் 3.5 மில்லிமீட்டர் பிரிப்பான் மாட்டி, ஒரு வயரை ஹாலுக்கும் ஒரு வயரை மாடிக்கும் விடுங்கள். புரொஜெக்டரில் ஆடியோ இன் ஓட்டை இருந்து, எச்டிஎம்ஐ படத்தோடு அந்த ஒலியை எடுத்துக்கொள்ளும் தேர்வு மெனுவில் இருந்தால் மாடி வயரை அதில் செருகலாம். இல்லாவிட்டால் மாடியில் தனியாக ஒரு சிறிய ஸ்பீக்கர் வைத்து அதில் மாட்டுங்கள்.